அஷ்டமியில் வெனிஸ்: மூன்று இரவுப் பயணத் திட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வெனிசுக்கு இலையுதிர்காலத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் விமானக் கட்டணத்தைப் பார்த்துத் தேதி குறிக்கிறார்கள். பிறகு பார்க்க வேண்டிய இடங்களை எழுதி, அவற்றை நாட்களுக்குள் அடுக்குகிறார்கள். வேறு எந்த ஊருக்கும் இந்த வரிசை சரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெனிசுக்கு மட்டும் இது பொருந்தாது. அந்த மாதங்களில் நிலாவும் காற்றும் கடலை ஏற்றி நகரத்துக்குள் தண்ணீரைக் கொண்டுவரும். ஆகவே அங்கே முதலில் பார்க்க வேண்டியது நிலா. அதன் பின் காற்று, அதன் பின் தரையின் உயரம். இடங்களின் பட்டியல் நான்காவதாக வந்தால் போதும். இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் பயன்படாது என்பதால், ஒரு திட்டத்தை எடுத்து, அதன் பிழைகளைத் தேடி, திருத்தி எழுதிக் காட்டுகிறோம்.

எடுத்துக்கொண்ட திட்டம்

நால்வர். நடுவயதுத் தம்பதி, 19 வயது மகள், முழங்கால் தேய்ந்த 71 வயதுப் பாட்டி. இவர்கள் உண்மைக் குடும்பம் அல்ல; வழக்கமாக வரும் சிக்கல்கள் எல்லாம் ஒரே திட்டத்தில் வந்து சேரும்படி வகுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. நாட்காட்டி மட்டும் உண்மையானது: 2026.

முதல் வரைவு இப்படி இருக்கிறது. அக்டோபர் 23 வெள்ளி மாலை இறங்குவது, 26 திங்கள் மாலை கிளம்புவது. பாட்டிக்குப் படி வேண்டாம் என்று சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் பின்னால் தரைத்தள வீடு. சனிக்கிழமை அருங்காட்சியகங்கள், ஞாயிறு காலை சான் மார்க்கோ பசிலிக்கா, மாலை பெருங்கால்வாயில் படகு. திங்கள் காலை ரியால்ட்டோ மீன் சந்தை, பிறகு புரானோ தீவு. நால்வருக்கும் 72 மணி நேரப் படகுச் சீட்டு.

பார்வைக்கு நல்ல திட்டம். ஆனால் 26 அக்டோபர் பௌர்ணமி. 25 ஞாயிறு அதிகாலை 3 மணிக்குக் கடிகாரத்தை 2 மணிக்குத் திருப்புகிறார்கள். முந்தைய நாள் மாலை ஆறுக்கு மேல் அடைந்த சூரியன் அன்று ஐந்து மணிக்கே அடைந்துவிடும். வெனிஸ் மராத்தான் ஓட்டம் வழக்கமாக அக்டோபர் பின்பகுதியின் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும். அன்று கரையோர நடைபாதைகள் ஓட்டக்காரர்களுக்கு. பசிலிக்கா ஞாயிறு காலை வழிபாட்டுக்கு மட்டும். பார்வையாளர்களுக்குப் பிற்பகல் 2 மணிக்குத்தான் கதவு திறக்கும். ரியால்ட்டோ மீன் சந்தை ஞாயிறும் திங்களும் கிடையாது. இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தங்கள் வெள்ளிக்கிழமையில் வருவது அதிகம், இவர்கள் வந்திறங்குவதோ வெள்ளி மாலை.

இவை எல்லாம் நேரத்தை மாற்றிச் சரிசெய்யக்கூடியவை. மாற்ற முடியாதவை இரண்டு: பௌர்ணமியும் தரைத்தளமும்.

110 செ.மீ. என்றால் எவ்வளவு தண்ணீர்

வெனிசின் ஓத அளவு, அதாவது கடல்நீர் ஏறும் உயரம், புந்தா தெல்லா சலூத்தே என்னும் கரைமுனையில் 1897ஆம் ஆண்டு வைத்த சுழியத்திலிருந்து எண்ணப்படுகிறது. அதன் பின் கடல் உயர்ந்தது, நிலம் தாழ்ந்தது. இன்று சராசரிக் கடல் மட்டமே அந்தச் சுழியத்துக்கு 30 செ.மீ.க்கு மேல் நிற்கிறது. ஆகவே 'நாளை 110' என்ற முன்னறிவிப்பைப் படித்துத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று மிரள வேண்டாம். நிற்கும் ஆழம் என்பது முன்னறிவிப்பிலிருந்து அந்த இடத்தின் தரை உயரத்தைக் கழித்தால் வருவது.

நகரத்தின் மிகத் தாழ்ந்த இடங்களில் ஒன்று சான் மார்க்கோ சதுக்கம். ஏறத்தாழ 80 முதல் 85 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஓதம் 100 என்றால் சதுக்கத்தில் 15 முதல் 20 செ.மீ., கணுக்காலுக்குச் சற்று மேல். அதே நேரத்தில் ரயில் நிலையத்தின் முன்புறம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். 110இல் நகரத்தின் நடைபாதைகளில் ஏறத்தாழ 12 விழுக்காடுதான் நனையும். 2019 நவம்பர் 12 இரவு வந்த 187 செ.மீ. வேறு கதை, அன்று சதுக்கத்தில் ஒரு மீட்டர் ஆழம். 1966 நவம்பர் 4இன் 194 மட்டுமே அதைவிடப் பெரியது.

தண்ணீர் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அவசரப்படாமல் நகரலாம். கரையைத் தாண்டி அலையாக அது வருவதில்லை. சதுக்கத்துத் தரையில் வெட்டியிருக்கும் வடிகால் துளைகளில் முதலில் ஒரு மினுமினுப்பு தெரியும். மழைநீர் இறங்க வேண்டிய அந்த ஓட்டைகளிலிருந்து கடல்நீர் சத்தமில்லாமல் மேலே வரும். தட்டளவுக் குட்டை, பாயளவுக் குட்டை, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கண்ணாடி. உச்சத்தில் சிறிது நேரம் நின்று, வந்த வழியே இறங்கிவிடும். பெரும்பாலான நாட்களில் எல்லாம் மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் முடிந்த காரியம்.

ஓதத்தை ஏற்றுவது மூன்று விசைகள். முதலாவது நிலா: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் வித்தியாசம் இருக்கும், உச்சம் முற்பகல் பத்து, பதினொன்று வாக்கிலும் மறுபடி இரவு பதினொன்றை ஒட்டியும் வரும். இரண்டாவது சிரோக்கோ என்னும் தென்கிழக்குக் காற்று. அட்ரியாட்டிக் கடல் நீண்டு ஒடுங்கிய தொட்டி போன்றது; சிரோக்கோ அதன் நீளவாக்கில் வீசித் தண்ணீரை வடக்கு மூலைக்குத் தள்ளும், அந்த மூலையில் வெனிஸ். மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. காற்று நின்ற பிறகும் தொட்டித் தண்ணீர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 22 மணி நேரம். புயல் ஓய்ந்து மறுநாள் வெயில் அடிக்கும்போதும், முந்தைய நாள் உச்சம் வந்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக இன்னோர் ஏற்றம் வரலாம் என்பதற்குக் காரணம் இதுதான். வானத்தைப் பார்த்துக் காலணியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

தடுப்பணை இருக்கிறதே என்ற கேள்வி

மோசே தடுப்பணை 2020 அக்டோபர் 3இல் முதன்முறை நகரத்தைக் காத்தது. வெனிஸ் இருக்கும் காயல் கடலோடு சேரும் லீதோ, மலமொக்கோ, கியோஜா ஆகிய மூன்று வாய்களில் மொத்தம் 78 கதவுகள் கடலடியில் படுத்திருக்கின்றன; காற்றை உள்ளே செலுத்தித் தண்ணீரை வெளியேற்றினால் எழுந்து நிற்கும். அது வேலை செய்கிறது என்பதில் ஐயமே வேண்டாம். 2022 நவம்பர் 22இல் வெளியே கடல் 170 செ.மீ.க்கு மேல் நின்றபோது நகரத்துக்குள் தெருக்கள் காய்ந்திருந்தன.

ஆனால் பயணத் திட்டத்துக்கு அது முழுக் காப்பீடு ஆகாது. கதவுகளை எழுப்பும் வரம்பு 110 செ.மீ. முன்னறிவிப்பு. எழுப்பினால் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் நிற்க வேண்டும், காயலின் நீர் புதுப்பிக்கப்படாது. அதனால் ஒவ்வோர் ஏற்றத்துக்கும் எழுப்ப மாட்டார்கள். 85க்கும் 110க்கும் இடைப்பட்ட நாட்களில் சான் மார்க்கோ பழையபடி நனையும். பயணிகள் அதிகம் சந்திப்பது இந்த இடைவெளியைத்தான். முன்னறிவிப்பு தவறுவதும் உண்டு: 2020 டிசம்பர் 8இல், அப்போதிருந்த 130 வரம்பை ஓதம் தொடாது என்று கணித்துக் கதவுகளை எழுப்பாமல் விட்டார்கள், 138 வந்தது. பசிலிக்காவைச் சுற்றி 2022இன் இறுதியில் கண்ணாடித் தடுப்பு வைத்த பிறகு உட்புறம் காக்கப்படுகிறது. சுற்றியுள்ள சதுக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

தேதியை மாற்றுதல்

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவே வரும் அரைநிலா நாட்களில், நம் நாட்காட்டிச் சொல்லில் அஷ்டமியை ஒட்டி, ஓதம் தளர்ந்துவிடும். வடக்கு அட்ரியாட்டிக்கில் அந்த நாட்களில் இரண்டு ஏற்றங்களும் சேர்ந்து தட்டையாகி, நாளுக்கு ஒரே ஏற்றம் போலத் தோன்றும். காற்று பலமாக வீசினாலும் தண்ணீர் ஏறிவர வேண்டிய தூரம் அதிகம். இது உறுதிமொழி அல்ல. சாத்தியத்தை நம் பக்கம் சாய்த்துக்கொள்வது. தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் இந்த ஒரு காரியத்தைச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

2026இல் அரைநிலா நவம்பர் 1, நவம்பர் 17 ஆகிய நாட்களில் வருகிறது. அமாவாசை நவம்பர் 9, அடுத்த பௌர்ணமி 24.

நவம்பர் 1 ஞாயிறு, புனிதர் அனைவர் திருநாள். இத்தாலியில் பொது விடுமுறை. அந்த வார இறுதியில் தண்ணீர் அடங்கியிருந்தாலும் கூட்டம் அடங்காது, அறை வாடகையும் ஏறும். நவம்பர் 17 செவ்வாய். நகரம் ஆண்டிலேயே அமைதியாக இருக்கும் வாரங்களில் ஒன்று அது. கலைப் பியனாலே கண்காட்சி இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கும், நவம்பர் பின்பகுதி வரை நீடிக்கும். விரும்புகிறவர்களுக்கு அதுவும் கிடைக்கும், திங்கள் மட்டும் விடுமுறை. எனவே திருத்திய தேதி நவம்பர் 16 திங்கள் முதல் 19 வியாழன் வரை. மூன்று இரவு, இடையே செவ்வாயும் புதனும் முழு நாட்கள்.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. நவம்பர் நடுவில் சூரியன் காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின் எழுந்து மாலை 4.35 வாக்கில் அடைந்துவிடும். பகல் வெப்பம் 12 பாகையை ஒட்டி, இரவில் நான்கைந்துக்கு இறங்கும். மூடுபனி வரும். வெளிச்சம் வேண்டிய இடங்களைப் பிற்பகல் இரண்டரைக்குள் முடித்துவிட வேண்டும். அதே வாரம் 21 சனிக்கிழமை சலூத்தே திருநாள். 1630-31 கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாக எழுந்த ஆலயத்துக்குப் பெருங்கால்வாயின் மேல் தற்காலிகப் பாலம் போடுவார்கள். இரண்டு நாள் கூடுதலாக இருக்க முடிந்தவர்கள் அதைத் தவறவிட வேண்டாம்; நகரத்தார் தங்களுக்காகவே கொண்டாடும் நாள் அது. ஆனால் பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருக்கும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஒரு நாள் வருகையாளர்களுக்கான நுழைவுக் கட்டணத்தைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். 2024, 2025 ஆண்டுகளில் அது ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டுமே இருந்தது. நகரில் தங்குகிறவர்கள் அதற்குப் பதில் தங்கல் வரி கட்டுகிறார்கள். விடுதியின் தரத்தைப் பொறுத்து ஆளுக்கு இரவுக்கு 1 முதல் 5 யூரோ, முதல் ஐந்து இரவுகளுக்கு. இது பெரும்பாலும் முன்பதிவுத் தொகையில் சேராது; அங்கே போய்க் கட்ட வேண்டும்.

தங்குமிடம்

முதல் வரைவின் பெரிய பிழை இதுதான், அதுவும் நல்லெண்ணத்தில் நேர்ந்தது. படி ஏற முடியாதவருக்குத் தரைத்தளம் என்று நினைப்பது இயல்பு. வெனிசில் தரைத்தளம் என்பது ஈரம் ஏறிய சுவர், கதவடியில் தடுப்புப் பலகை செருகும் பள்ளம், குளிர் என்று பொருள். சான் மார்க்கோவுக்குப் பின்புறம் என்றால் 100 செ.மீ. ஓதத்திலேயே வாசலை விட்டு இறங்க முடியாமல் போகலாம். பாட்டிக்கு வேண்டியது தரைத்தளம் அல்ல. மின்தூக்கி உள்ள முதல் மாடி.

இடத்தைத் தேடும்போது முகவரியை நம்ப முடியாது. வெனிஸ் ஆறு வட்டாரங்களாகப் பிரிந்தது. வீட்டு எண் தெருவுக்கு அல்ல, வட்டாரம் முழுவதற்கும் ஓடுகிறது. காஸ்தெல்லோவில் அது ஆறாயிரத்தையும் தாண்டும். 'காஸ்தெல்லோ 4 ஆயிரத்துச் சொச்சம்' என்பதிலிருந்து வீடு எங்கே என்று ஊகிக்க வழியே இல்லை. தெருப் பெயரைக் கேட்டு வாங்கி வரைபடத்தில் குறிக்க வேண்டும். விடுதிக்கு எழுத வேண்டிய கேள்விகள் இவை: அருகிலுள்ள படகுத்துறையிலிருந்து உங்கள் வாசல் வரை எத்தனை பாலம்? கட்டடத்தின் வாசலிலிருந்து மின்தூக்கி வரை எத்தனை படி? ஓதம் எத்தனை செ.மீ. வந்தால் உங்கள் தெரு நனையும்? மூன்றாவது கேள்விக்கு எண்ணில் பதில் சொல்கிற விடுதியை நம்பலாம். 'கவலைப்படாதீர்கள்' என்று மட்டும் எழுதினால் வேறு விடுதியைப் பாருங்கள்.

இந்த நால்வருக்கு நாங்கள் தேர்ந்தெடுப்பது வடக்குக் கரையில், கன்னரேஜோ வட்டாரத்தில், ஃபொண்டமெண்டே நோவே படகுத்துறையை ஒட்டிய தெருக்கள். காரணம் அழகு அல்ல, பெட்டிகள். மார்க்கோ போலோ விமான நிலையத்திலிருந்து அலிலகூனா நிறுவனத்தின் நீல வழித்தடப் படகு நேரே இந்தத் துறைக்கு வருகிறது. பேருந்தில் அதன் கடைசி நிறுத்தமான பியாட்சாலே ரோமாவுக்கு வந்தால் வேகம் அதிகம், ஏறத்தாழ 20 நிமிடம். ஆனால் அங்கே பெட்டிகளோடு இறங்கி இன்னொரு படகு பிடிக்க வேண்டும். நகரத்தில் 400க்கு மேல் பாலங்கள். ஒவ்வொன்றும் ஏறும் படி, இறங்கும் படி. 20 கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று பாலம் கடந்தவர்களுக்கு அன்று மாலை எங்கும் போக மனம் வராது. ஃபொண்டமெண்டே நோவேயிலிருந்தே புரானோவுக்கு 12ஆம் எண் படகும் கிளம்புகிறது. ஸ்ட்ராடா நோவா கடைத்தெருவுக்குப் பத்து நிமிட நடை, ரியால்ட்டோவுக்குப் பதினைந்து.

படகுச் சீட்டுக் கணக்கு

2025 விலைப்படி வப்பொரெட்டோ என்னும் நகரப் படகின் ஒருமுறைச் சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி நேரம் 25, 48 மணி நேரம் 35, 72 மணி நேரம் 45. அலிலகூனா தனி நிறுவனம். இந்தச் சீட்டு அதில் செல்லாது. முதல் வரைவில் நால்வருக்கு 72 மணி நேரம், 180 யூரோ. திருத்திய திட்டத்தில் திங்களும் வியாழனும் விமான நிலையப் படகுதான். நகரப் படகு தேவைப்படுவது செவ்வாய், புதன் மட்டும். பெரியவர்கள் மூவருக்கும் 48 மணி நேரச் சீட்டு 105. மகளுக்கு 6 முதல் 29 வயதினருக்கான ரோலிங் வெனிஸ் அட்டை 6, அதனோடு கிடைக்கும் சலுகை 72 மணி நேரச் சீட்டு 27, மொத்தம் 33. நால்வருக்கும் 138.

நேரம் வாங்கியதிலிருந்து ஓடாது, இயந்திரத்தில் முதன்முறை தொட்டதிலிருந்து ஓடும். செவ்வாய் காலை எட்டரைக்குத் தொட்டால் வியாழன் எட்டரை வரை. முன்னிரவே ஆசைக்கு ஒரு சுற்று என்று தொட்டுவிட்டால் புதன் மாலைப் பயணம் பறிபோகும். ஒவ்வொரு முறை ஏறும் முன்னும் தொட வேண்டும். கையில் செல்லுபடியாகும் சீட்டு இருந்தும் தொடாமல் ஏறி அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு. பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்க மட்டும் என்றால் த்ரகெத்தோ என்னும் பொதுக் கொண்டோலா இருக்கிறது, 2 யூரோ.

வட்ட வழித்தடங்களில் 4.1, 4.2 என்றும் 5.1, 5.2 என்றும் எண்கள் வரும். புள்ளிக்குப் பின் வரும் எண் திசையைக் காட்டுகிறது. ஒன்று மாறினால் நகரத்தையே சுற்றிவிட்டு வர வேண்டியிருக்கும். ஒரே துறையில் பல மிதவைகள் இருக்கும். எண்ணோடு, மிதவையில் எழுதிய நிறுத்தங்களின் பெயரையும் படித்துவிட்டு ஏறுவது நல்லது.

நாட்களை அடுக்குதல்

திங்கள் பிற்பகல் இறங்கி, பெட்டியை வைத்துவிட்டு, இருட்டும் முன் கரையோரம் நடப்பது போதும். முரானோ தீவின் விளக்குகள் எதிரே தெரியும். வேறெதையும் திங்களில் திணிக்க வேண்டாம். அக்கதேமியா ஓவியக்கூடம் திங்களன்று பிற்பகல் 2 மணியோடு மூடிவிடும்.

செவ்வாய் காலை கிழக்கு முனையைச் சுற்றிச் செல்லும் படகில் சான் சக்கரியாவில் இறங்கினால் ஓரிரு பாலங்களைக் கடந்து சதுக்கத்தை அடையலாம். பசிலிக்கா ஒன்பதரைக்குத் திறக்கும். நேரம் குறித்த சீட்டு முன்கூட்டியே வாங்கியிருந்தால் வரிசையில் பாட்டி நிற்க வேண்டியதில்லை. பழைய வெனிஸ் ஆட்சித்தலைவர்களின் இருப்பிடமான டோஜே அரண்மனைச் சீட்டை 30 நாளுக்கு முன் வாங்கினால் 5 யூரோ குறைவு. இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி வரை ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் மங்கும் நான்கேகால் மணியளவில் சான் மார்க்கோ துறையிலிருந்து 1ஆம் எண் படகில் பியாட்சாலே ரோமாவை நோக்கிப் போக வேண்டும். எல்லாத் துறையிலும் நிற்கும் மெதுவான படகு அது. முக்கால் மணி நேரத்துக்கு மாளிகைகளின் சன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கேறுவதைப் பார்க்கலாம். நவம்பரின் குறுகிய பகல் தரும் கொடை இது. கோடையில் இதே காட்சிக்கு இரவு ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டும். பெகி குக்கன்ஹைம் கலைச் சேகரிப்பைப் பார்க்க விரும்பினால் செவ்வாய் விடுமுறை என்பதை நினைவில் கொள்ளவும்.

புதன் காலை ரியால்ட்டோ மீன் சந்தைக்கு எட்டு மணிக்குள் போனால்தான் சந்தையைச் சந்தையாகப் பார்க்க முடியும். பத்தரைக்கு மேல் மேசைகள் காலியாகும். பாட்டி இதில் சேராமல் விடுதியிலேயே இருந்து, பத்து மணிக்குப் படகுத்துறைக்கு வந்தால் போதும். 12ஆம் எண் புரானோவுக்கு முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் தொர்ச்செல்லோ தீவு. அசுந்தா ஆலயத்தின் தொடக்கம் 639 என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. மேற்குச் சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பை விரிக்கும் கண்ணாடித் துண்டு ஓவியம், வெனிசில் பார்க்கும் எதற்கும் குறைந்ததல்ல. துறையிலிருந்து ஆலயத்துக்கு வாய்க்காலோரமாகச் சமதள நடை. முதலில் தொர்ச்செல்லோ, பிறகு புரானோ என்ற வரிசைதான் சரி: புரானோவின் வண்ண வீடுகள் மதியத்துக்கு மேல் சாய்வெயிலிலும் நன்றாக இருக்கும். திரும்பும் படகை மூன்றரைக்குப் பிடித்துவிட வேண்டும்.

பிசகும் இடங்கள்

மழை கொட்டினால் புதனையும் செவ்வாயையும் இடம் மாற்றலாம். பசிலிக்காவின் நேரச் சீட்டு மட்டுமே கையைக் கட்டும். இரண்டு நாளும் மழை என்றால் தீவுகளை விட்டுவிட்டு, ஓவியர் தின்தொரெத்தோ தன் ஓவியங்களால் நிறைத்த சான் ரொக்கோ மண்டபத்துக்கும், அதை ஒட்டிய ஃப்ராரி ஆலயத்துக்கும் போவதே மேல். இரண்டும் சான் தோமா துறையிலிருந்து பக்கம்.

மூடுபனியில் படகுகள் ரேடார் வைத்து ஓடும், ஆனால் மெதுவாக. சில வழித்தடங்கள் நிறுத்தப்படும் அல்லது மாறும். புதன் காலை எதிர்க்கரை தெரியவில்லை என்றால் தொர்ச்செல்லோவைக் கைவிட்டு முரானோவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஓதம் 95ஐ ஒட்டி ஏறும்போது, சதுக்கம் நனைவதற்கு மேல் இன்னொரு தொல்லை உண்டு. கன்னரேஜோ கால்வாயின் தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் வட்ட வழித்தடப் படகுகள் நுழைய முடியாது. அவற்றைப் பாதியில் நிறுத்தித் திருப்புவார்கள். தண்ணீரே இல்லாத தெருவில் நின்றுகொண்டு படகு ஏன் வரவில்லை என்று திகைப்பவர்கள் பலர், காரணம் இதுதான். பெருங்கால்வாயின் 1ஆம் எண் அப்போதும் பெரும்பாலும் ஓடும்.

நடைமேடைகளைச் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை முக்கிய வழிகளில் அடுக்கி வைத்திருப்பார்கள், தேவைப்படும்போது விரிப்பார்கள். இரும்புக் கால்களின் மேல் பலகை, இரண்டு வரிசை ஆட்கள் செல்லும் அகலம். வலப்பக்கமாக நடக்க வேண்டும், படம் எடுக்க நிற்கக் கூடாது. பாட்டியை நடுவில் விட்டு முன்னும் பின்னும் ஒருவர் போவது நல்லது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்காது. 120க்கு மேல் பலகைகள் மிதக்கத் தொடங்கும் என்பதால் எடுத்துவிடுவார்கள். எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் முதலில் ஒரு நீண்ட ஊளை, அதன் பின் படிப்படியான ஒலிகள்: ஒன்று என்றால் 110, இரண்டு 120, மூன்று 130, நான்கு 140க்கு மேல்.

தெருவில் விற்கும் பிளாஸ்டிக் உறைக் காலணிகள் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. கல்லில் தேய்ந்து அடியில் கிழியும். முழங்கால் வரையுள்ள ரப்பர் காலணி ஒரே ஒரு ஜோடி இருந்தாலே குடும்பத்துக்குப் போதும்: அதைப் போட்டவர் போய் மருந்து, உணவு வாங்கி வரலாம், மற்றவர்கள் மூன்று மணி நேரம் மாடியில் இருக்கலாம். கால்வாயை ஒட்டிய நடைபாதை நீரில் மூழ்கியிருக்கும்போது மட்டும் எந்தக் காலணியோடும் அதில் இறங்க வேண்டாம். தரை எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சுவரோரமாகவே நடக்க வேண்டும். இது கடல்நீர், திரும்பியதும் காலணியையும் பெட்டிச் சக்கரங்களையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

நகராட்சியின் ஓத மையம் மூன்று நாள் முன்னறிவிப்பு தருகிறது. ஹைடைட் வெனிஸ் என்ற கைப்பேசிச் செயலியிலும் வரும். நவம்பர் 13 வெள்ளி மாலையிலிருந்து அதைக் காலையும் இரவும் பார்த்தால் போதும். அதற்கு முன் பார்ப்பது வீண் பதற்றம். எண்ணைப் பார்க்கும்போது உச்சம் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இரவு 11 மணிக்கு வரும் 100 இவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல, முற்பகல் 10.30க்கு வரும் 90, பசிலிக்காச் சீட்டின் நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றக் கேட்க வேண்டிய எண்.

வியாழன் காலைக்கு ஒரு கணக்கு பாக்கி. விமான நிலையப் படகு மூடுபனியில் தாமதமாகலாம் என்பதால், விமானம் கிளம்பும் நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன் ஃபொண்டமெண்டே நோவேயில் நிற்க வேண்டும். புதன் இரவே பனி இறங்கியிருந்தால், விடுதியில் சொல்லி நீர் டாக்சி விசாரிப்பதைவிட, 1ஆம் எண் படகில் பியாட்சாலே ரோமா போய்ப் பேருந்து பிடிப்பது மலிவு, நம்பகமும் கூட. கா தோரோ துறை நடக்கும் தூரத்தில் இருக்கிறது. 48 மணி நேரச் சீட்டு எட்டரைக்கு முடிகிறது. அதற்கு முன் தொட்டு ஏறிவிட்டால் பெரியவர்கள் மூவருக்கும் புதுச் சீட்டு வேண்டாம், மகளின் 72 மணி நேரச் சீட்டு வெள்ளி வரை செல்லும்.